பழுது மொடியூலில் அல்ல, பக்கத்துப் பிளக்கில்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் வீட்டுப் பராமரிப்புப் பகுதியில் கடந்த வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: புதிதாக வாங்கிய வீட்டில் முன்னைய உரிமையாளர் விட்டுச்சென்ற, வீட்டு மின்வயர் வழியே கட்டளை அனுப்பி விளக்குகளையும் சாமான்களையும் இயக்கும் எக்ஸ்-10 கருவிகள் ஒரு நேரம் வேலை செய்கின்றன, ஒரு நேரம் செய்வதில்லை, என்ன செய்யலாம் என்று. எல்லாவற்றையும் கழற்றி வீசிவிட்டு வைஃபை சுவிட்ச் வாங்கச் சொல்லிப் பதில் வந்திருந்தது. வைஃபை வாங்குவதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் மொடியூல்கள் (கட்டளையை வாங்கி விளக்கையோ சாமானையோ இயக்கும் பெட்டிகள்) பழசாகிவிட்டன என்று சொன்ன காரணம் பிழை. மொடியூல் பழுதானால் பெரும்பாலும் ஒரேயடியாகப் போய்விடும். காலையில் சொன்னது கேட்டு, மாலையில் கேட்காமல் விடுவது வீட்டு வயரிங்கிலும் அதில் பின்னாளில் வந்து சேர்ந்த சாமான்களிலும் உள்ள கோளாறு. அதைக் கண்டுபிடிக்க ஒரு சனிக்கிழமை போதும்.

எக்ஸ்-10, 1975இல் ஸ்கொட்லாந்தில் உருவானது. மின்வயரிலேயே 120 கிலோஹெர்ட்ஸ் சிக்னலை, மின்னழுத்தம் பூச்சியத்தைக் கடக்கும் கணத்தில், ஒரு மில்லி செக்கன் அளவுக்குச் சிறு துடிப்பாக அனுப்பும். ஒரு கட்டளை முழுதாகப் போய்ச்சேர முக்கால் செக்கனுக்கு மேல் பிடிக்கும். அனுப்பும் கருவி (கன்ட்ரோலர்) ஏறத்தாழ 5 வோல்ட் தருகிறது. வாங்கும் மொடியூலுக்கு 0.1 வோல்ட் கிடைத்தால் போதும். இவ்வளவு தாராளம் இருந்தும் ஏன் தவறுகிறது என்பதுதான் கேள்வி. வந்து சேர்ந்ததா இல்லையா என்று மொடியூல் திருப்பிச் சொல்வதும் கிடையாது. ஆகவே பிழை எங்கே என்று நாம்தான் தேட வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது பேனலை, அதாவது பிரேக்கர்கள் உள்ள மின்பெட்டியை. கனடா வீடுகளுக்கு 240 வோல்ட், தலா 120 வோல்ட் தரும் இரண்டு வழிகளாக, அதாவது இரண்டு காலாகப் பிரிந்து வருகிறது. வீட்டின் பாதி சர்க்யூட்கள் ஒரு காலிலும் மீதி மற்றக் காலிலும் இருக்கும். சிக்னல் ஒரு காலிலிருந்து மற்றதற்குத் தாவ வேண்டுமென்றால் வீதியிலுள்ள ட்ரான்ஸ்போமர் வரை போய்த் திரும்ப வேண்டும்; அந்தப் பயணத்திலேயே பெரும்பகுதி தொலைந்துவிடும்.

இதைச் சோதிக்கக் காசு செலவில்லை. வேலை செய்யாத மொடியூலுக்குக் கட்டளை அனுப்பிப் பாருங்கள். பிறகு மின்அடுப்பின் பெரிய வளையம் ஒன்றை உச்சத்தில் போட்டுவிட்டு உடனேயே மறுபடி அனுப்புங்கள். இப்போது வேலை செய்தால் கோளாறு பிடிபட்டுவிட்டது. 2,100 வோட்ஸ் வளையம் இரண்டு கால்களுக்கும் குறுக்கே சுமார் 27 ஓம் மின்தடையுள்ள பாலமாக நிற்கிறது. சிக்னல் அதன் வழியே கடக்கிறது. சமைக்கும்போதும் உடுப்புக் காயவைக்கும்போதும் மட்டும் விளக்குகள் ஒழுங்காக வேலை செய்கின்றன என்று சிலர் சொல்வது இதனால்தான். காஸ் அடுப்பும் காஸ் ட்ரையரும் உள்ள வீட்டில் இந்தச் சோதனை பலிக்காது. மின் வோட்டர் ஹீற்றரோ பேஸ்போர்ட் ஹீற்றரோ இருந்தால் அதைப் போட்டுப் பார்க்கலாம்.

பரிகாரம் கப்ளர், அதாவது சிக்னலை ஒரு காலிலிருந்து மற்றதற்குக் கடத்தும் கருவி. மின்ட்ரையர் பிளக்கிலேயே சொருகும் வகை இருக்கிறது. அதற்குப் பேனலைத் திறக்கத் தேவையில்லை. மூன்று முனையா நான்கு முனையா என்று பார்த்து வாங்குங்கள். பெரிய வீடானால் ரிப்பீற்றர் நல்லது: ஒவ்வொரு கட்டளையும் இரண்டு தரம் அனுப்பப்படுவதால், முதல் தரத்தைக் கேட்டுவிட்டு இரண்டாவது தரத்தோடு சேர்த்து இரண்டு கால்களிலும் பலமாகத் திருப்பி அனுப்பும். கப்ளரையும் ரிப்பீற்றரையும் ஒன்றாகப் போடக் கூடாது. கடையில் ஒரு கப்பாசிற்றர் (சிக்னல் போன்ற உயர் அதிர்வெண்ணை எளிதாகக் கடத்தும் உறுப்பு) வாங்கி இரண்டு காலுக்கும் குறுக்கே கட்டிவிடலாம் என்று சொல்வோரும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். பேனலுக்குள் செய்யும் வேலை எதுவானாலும் ஒன்ராறியோவில் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரிடம் கொடுங்கள். மெயின் பிரேக்கரை நிறுத்தினாலும் அதற்கு மேலேயுள்ள முனைகளில் மின்சாரம் நின்றபடியே இருக்கும்.

அடுப்புச் சோதனையில் மாற்றம் எதுவும் இல்லையென்றால், சிக்னலை எதுவோ குடிக்கிறது. ரீவி, கணினி, யூ.பி.எஸ், மின்னெழுச்சியைத் தடுக்கும் பவர் பார் இவற்றின் வாயிலில் இரைச்சலைத் தடுக்க ஒரு சிறு கப்பாசிற்றர் வைத்திருப்பார்கள். 0.1 மைக்ரோஃபாரட் என்று வைத்துக்கொண்டால், வீட்டு மின்சாரத்தின் 60 ஹெர்ட்ஸில் அது 26,000 ஓமுக்கு மேல், இருப்பதே தெரியாது. எக்ஸ்-10இன் 120 கிலோஹெர்ட்ஸில் அதுவே வெறும் 13 ஓம். 0.47 மைக்ரோஃபாரட் என்றால் 3 ஓமுக்கும் குறைவு. சிக்னலின் பார்வையில் அது கிட்டத்தட்ட ஷோர்ட் சர்க்யூட். அத்தகைய நாலைந்து சாமான்கள் ஒரே அறையில் கூடினால் 5 வோல்ட் எங்கே போகும்?

கண்டுபிடிக்கும் முறை இது. ஒரு எப்ளையன்ஸ் மொடியூலை (மங்கவைக்காமல் போடவும் நிறுத்தவும் மட்டும் செய்வது) சோதனைக் கருவியாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளேயிருக்கும் ரிலே டக்கென்று அடிப்பதால் விளக்குக்கூடத் தேவையில்லை. அனுப்பும் கருவி உள்ள சர்க்யூட்டையும் சோதனை மொடியூல் உள்ள சர்க்யூட்டையும் தவிர மற்றப் பிரேக்கர்கள் அனைத்தையும் நிறுத்துங்கள். கணினிகளை முதலிலேயே முறைப்படி மூடிவிடுங்கள். பேஸ்மென்டில் நீரை வெளியேற்றும் சம்ப் பம்ப் இருந்தால் மழை நாளில் இந்த வேலையை எடுக்காதீர்கள். இப்போது கட்டளை தவறாமல் கேட்டால், பிரேக்கர்களை ஒவ்வொன்றாகப் போட்டு ஒவ்வொரு முறையும் அனுப்பிப் பாருங்கள். எதைப் போட்டதும் நிற்கிறதோ அந்தச் சர்க்யூட்டில்தான் ஆள் இருக்கிறார். இரண்டு சர்க்யூட் மட்டும் இருக்கும்போதே கேட்கவில்லையென்றால் அந்த இரண்டுக்குள்ளேயே தேடுங்கள். அவை வெவ்வேறு காலில் இருந்தால் சோதனையே பொய்த்துவிடும். ஒரே காலில் உள்ள பிளக்குக்கு மொடியூலை மாற்றிக்கொள்ளுங்கள்.

பிறகு அந்தச் சர்க்யூட்டிலுள்ள சாமான்களைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். சுவிட்சை நிறுத்துவது போதாது, கப்பாசிற்றர் பல கருவிகளில் சுவிட்சுக்கு முன்னாலேயே இருக்கிறது. பலர் தோற்பது இந்த இடத்தில்தான்: ரீவி நிறுத்தித்தானே இருக்கிறது என்று அதை விட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றையும் கழற்றிக் களைத்துப்போவார்கள். குற்றவாளி அகப்பட்டதும் அதற்கும் சுவருக்கும் நடுவில், சிக்னலை அது குடிக்காமல் தடுக்கும் எக்ஸ்-10 பில்டர் ஒன்றைச் சொருகினால் விஷயம் முடிந்தது. சொருகும் பில்டர்கள் பல 5 அம்பியருக்கானவை. லேசர் பிரின்டரையோ ஹீற்றரையோ அதில் போட்டால் எரிந்துவிடலாம். ஒரு பவர் பாரில் ரீவி சாமான்கள் முழுவதும் இருந்தால், கூட்டுச்சுமை 5 அம்பியரைத் தாண்டாதவரை, பாருக்கு ஒரு பில்டர் போதும். அனுப்பும் கருவியை மட்டும் பவர் பாரிலோ யூ.பி.எஸ்ஸிலோ ஒருபோதும் சொருகாதீர்கள். அது நேரே சுவரில் இருக்க வேண்டும்.

இரைச்சல் வேறு விதம். மலிவான போன் சார்ஜர், லாப்டொப் அடப்டர், சில எல்.ஈ.டி குமிழ்கள் தாங்களே 120 கிலோஹெர்ட்ஸை ஒட்டி இரைச்சல் எழுப்பி மொடியூலின் காதை அடைத்துவிடும். அந்தச் சாமான் வேலை செய்யும்போது மட்டும் கோளாறு வருவது இதன் அடையாளம். இதற்கும் பில்டர்தான், அல்லது ஐந்து டொலர் சார்ஜரை மாற்றிவிடுவது.

சிக்னலோடு சம்பந்தமில்லாமல் சிக்னல் கோளாறு போலத் தோன்றும் ஒன்றும் உண்டு. பழைய குமிழைக் கழற்றி எல்.ஈ.டி போட்ட பின், எப்ளையன்ஸ் மொடியூலை நிறுத்தியும் விளக்கு மினுங்கும். சில வேளை தானாகவே எரியும். விளக்கின் சொந்தச் சுவிட்சைத் தட்டினால் உணர்ந்துகொள்வதற்காக மொடியூல் எந்நேரமும் மிகச்சிறு மின்னோட்டத்தைக் கசியவிடுகிறது. இழைக் குமிழுக்கு அது உறைக்காது, எல்.ஈ.டி அதைச் சேமித்துச் சேமித்துப் பளிச்சிடும். அதே மொடியூலில் எல்.ஈ.டியோடு சமாந்தரமாக 4 வோட்ஸ் இழை நைட்லைட் ஒன்றைப் போட்டால் கசிவு அதன் வழியே போய்விடும். நியூட்ரல் வயர் இல்லாத பழைய எக்ஸ்-10 சுவர் டிம்மர்களுக்கு எல்.ஈ.டி ஒத்துவராது. சுவரிலுள்ள சுவிட்ச் பெட்டியில் நியூட்ரல் இருந்தால் ரிலே வகைச் சுவிட்சுக்கு மாறுங்கள்.

நடுச்சாமத்தில் விளக்கு தானாக எரிந்தால் பேயை நினைக்க முன் ஹவுஸ் கோட்டை, அதாவது கட்டளை எந்த வீட்டுக்கு என்று குறிக்கும் எழுத்தைப் பாருங்கள். கடையிலிருந்து வரும்போது பெரும்பாலும் A என்றிருக்கும், மாற்றாமல் விடுவோர்தான் அதிகம். ஒரே ட்ரான்ஸ்போமரில் பல வீடுகள் தொங்குவதால் அயலாரின் கட்டளை உங்கள் வீட்டுக்கும் வரும். B முதல் P வரை இன்னும் பதினைந்து எழுத்துகள் இருக்கின்றன. மொடியூல், கன்ட்ரோலர் இரண்டிலும் சேர்த்து மாற்றுங்கள்.

இவ்வளவும் செய்தும் கேட்காத மொடியூலை, கேட்கும் மொடியூல் இருந்த அதே பிளக்கில் சொருகிப் பாருங்கள். அங்கேயும் கேட்காவிட்டால் மட்டும் அதை வீசலாம்.

இப்படிக்கு,
மின்வேலை செய்யும் வாசகர்கள் இருவர்,
ஸ்காபரோ