மயஸ்தீனியாவை ‘நரம்புத் தளர்ச்சி’ என்று எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

சென்ற ஞாயிறு இதழின் மருத்துவப் பக்கத்தில், மயஸ்தீனியா கிராவிஸ் என்னும் நோயை ‘ஒருவகை நரம்புத் தளர்ச்சி’ என்று அறிமுகப்படுத்தி, சத்துணவும் விற்றமின் குளிசைகளும் ஓய்வும் இருந்தால் போதும் என்ற தொனியில் வெளியான குறிப்பைப் படித்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் மருந்துக் கலவையாளராக வேலை செய்தவன் என்ற முறையிலும், இந்நோயுள்ள ஒருவரின் தம்பி என்ற முறையிலும் இதை மறுத்து எழுதக் கடமைப்பட்டுள்ளேன்.

எங்கள் ஊரில் ‘நரம்புத் தளர்ச்சி’ என்ற சொல்லுக்குள் அடங்காத நோய் இல்லை. கை நடுங்கினாலும் அதுதான், நித்திரை வராவிட்டாலும் அதுதான், லேகியம் விற்பவரின் விளம்பரத்திலும் அதுதான். மயஸ்தீனியாவில் பழுது இருப்பது நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில். நரம்பின் நுனியிலிருந்து வெளிப்படும் அசற்றைல்கோலின் என்னும் இரசாயனம் ஒரு நுண்ணிய இடைவெளியைக் கடந்து தசையிலுள்ள வாங்கிகளில் பொருந்தும்போதே தசை சுருங்குகிறது. இந்நோயாளரில் பெரும்பாலானோரின் உடல் அந்த வாங்கிகளுக்கு எதிராகவே பிறபொருளெதிரிகளை, அதாவது கிருமிகளை எதிர்க்க வேண்டிய புரதங்களை, உண்டாக்கி, அவற்றை அடைத்தும் அழித்தும் விடுகிறது. ஆகவே முதற் சில அசைவுகளுக்கு வலு இருக்கும். இயங்க இயங்க அது வடிந்துவிடும்.

என் தமக்கையார் காலையில் கோணேசர் கோயில் மேட்டைத் துணையின்றி ஏறி வருவார். மாலையில் தலை வாரக் கையைத் தூக்க இயலாது, இடது இமை தொங்கிவிடும், இரவுச் சோற்றை மெல்லும்போதே தாடை ஓய்ந்துவிடும். கச்சான் வீசும் மாதங்களில் நிலைமை இன்னும் மோசம், ஏனெனில் வெக்கை இந்நோய்க்கு ஆகாது. காலை நேரக் கிளினிக்கில் அவரைப் பார்த்தவர்களுக்கு எதுவும் தென்படாததில் வியப்பில்லை. எட்டு மாதங்கள் விற்றமின் ஊசி போடப்பட்டது; “வயசு போகுது அக்கா, ஓய்வெடுங்கோ” என்று அந்நாட்களில் சொன்னவர்களுள் நானும் ஒருவன். கடைசியில் ஓர் இளம் வைத்தியர் அவரை மாலையில் வரச்சொல்லி, துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை மூடிய இமைமேல் 2 நிமிடம் வைத்து எடுத்தபோது இமை உயர்ந்தது. அசற்றைல்கோலினைச் சிதைக்கும் நொதியம் குளிரில் மந்தமாகிவிடுவதே அதற்குக் காரணம் என்கிறார்கள். பின்னர் இரத்தப் பரிசோதனையும் நோயை உறுதிசெய்தது.

அதே நொதியத்தைத் தடுப்பதே இந்நோய்க்குக் கொடுக்கும் பிரிடோஸ்டிக்மின் குளிசையின் வேலையும். இந்நோயின் குறிகள் குராரே என்னும் அம்பு நஞ்சின் விளைவை ஒத்திருப்பதைக் கவனித்து, 1934 இல் இலண்டன் கிறீனிச்சில் மேரி வோக்கர் என்ற வைத்தியர் அந்நஞ்சுக்கு முறிவு மருந்தான பைசோஸ்டிக்மினை ஊசியாகக் கொடுத்துப் பார்த்ததிலிருந்து இச்சிகிச்சை தொடங்குகிறது. (அதை அவர் லான்செட் சஞ்சிகைக்கு அறிவித்ததும் ஒரு கடிதத்தின் மூலமே.) குளிசையின் பலன் 3 அல்லது 4 மணித்தியாலமே நிற்பதால், விழுங்கச் சிரமப்படுவோர் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்பே அதை எடுக்க வேண்டும். அளவு மிஞ்சினால் வாயூறும், வயிறு பிடிக்கும், தசைகளும் மறுபடி தளரும். வயல்களில் விசிறும் ஓகனோபொசுபேற்றுப் பூச்சிநாசினிகள் மனித உடலில் தாக்குவதும் இந்த நொதியத்தையே. ஸ்டீரொய்டு மருந்துகளும், சிலருக்கு நெஞ்சிலுள்ள தைமஸ் சுரப்பியை அகற்றும் சத்திரசிகிச்சையும் நிபுணர்கள் தீர்மானிக்க வேண்டியவை.

உங்கள் குறிப்பு சொல்லாமல் விட்ட விடயமே எனக்குப் பெரிதாகப் படுகிறது. நோய் கண்டறியப்பட்ட மறு வருடம் தமக்கையாருக்குச் சிறுநீர்த் தொற்று வந்தது. ஒரு பாமசியில் எதுவும் விசாரிக்காமல் சிப்ரோபுளொக்சசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியைக் கொடுத்துவிட்டார்கள். இரண்டாம் இரவு உமிழ்நீரையும் விழுங்க முடியாமல் மூச்சுத் திணறி, ஐந்து நாட்கள் செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தார். அவ்வகை மருந்துகளுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இந்நோயைக் குறிப்பிட்டே 2011 இல் கட்டமிட்ட, அதாவது மிகக் கடுமையான, எச்சரிக்கையைச் சேர்த்திருந்தது. ஜென்டமைசின், எரித்ரோமைசின், அசித்ரோமைசின், படபடப்புக்குக் கொடுக்கும் புரொப்ரனலோல், நாளத்தில் ஏற்றும் மக்னீசியம் ஆகியனவும் நரம்பும் தசையும் சந்திக்கும் அந்த இடத்தைப் பலவீனப்படுத்தக் கூடியவை. கண் அழுத்தத்துக்கு விடும் டிமொலோல் சொட்டு மருந்தும் அவ்வாறே. எனினும் ஏற்கெனவே பாவிக்கும் எதையும் வைத்தியரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

இப்பெயர்களைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய அட்டையொன்று இப்போது தமக்கையாரின் கைப்பையில் இருக்கிறது. நீங்கள் திருத்தம் வெளியிடும்போது இப்பட்டியலையும் சேர்த்து, அதே மருத்துவப் பக்கத்திலேயே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். எங்கள் அயலில் இந்நோயுள்ள ஓர் அம்மா உங்கள் குறிப்பை வெட்டி எடுத்து வந்து, இனிக் குளிசையை விட்டுவிட்டு விற்றமினோடு இருக்கலாமா என்று நேற்று என்னிடம் கேட்டார்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற மருந்துக் கலவையாளர்,
உவர்மலை, திருகோணமலை.