உறைபனிக் காலத்தில் வீட்டுத் தோட்டம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உதகையில் நீர்ப்பனி முடிந்து உறைபனி தொடங்கிவிட்டதையும், தலைகுந்தா, காந்தல் போன்ற பகுதிகளில் புல்வெளிகள் வெளுத்துக் கிடப்பதையும் தங்கள் நாளிதழ் படங்களுடன் வெளியிட்டு வருகிறது. சுற்றுலாப் பயணிகளுக்கு அது விருந்துதான். ஆனால் முற்றத்தில் ஜெரேனியமும் பிகோனியாவும் வளர்ப்பவர்களுக்கு, அச்செய்தியோடு வரும் குறைந்தபட்ச வெப்பநிலை வீண் தைரியத்தைத் தந்துவிடுகிறது என்பதைத் தெரிவிக்கவே இக்கடிதம்.

வானிலை நிலையத்து வெப்பமானி தரையிலிருந்து ஏறத்தாழ 4 அடி உயரத்தில், காற்றோட்டமுள்ள மரக்கூண்டுக்குள் இருக்கிறது. மேகமில்லாத, காற்றசையாத இரவில் புல்லும் இலைகளும் தம் வெப்பத்தை வானை நோக்கி இழந்து, அந்தக் கூண்டுக்குள் இருக்கும் காற்றைவிடச் சில டிகிரி கூடுதலாகக் குளிர்ந்துவிடுகின்றன. எனவே 3 டிகிரி செல்சியஸ் என்று பதிவான நாளிலும் செடியின் மேல் பனி உறைந்திருக்கக்கூடும். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. மேட்டு வீட்டில் செடி பிழைத்திருக்க, அதே தெருவின் கீழ்க்கோடியில் இலைகள் வதக்கிய கீரை போலத் துவண்டு, ஓரிரு நாளில் கருகிப்போவது இதனால்தான்.

செடிகளை மூடும் விதத்திலும் கவனம் தேவை. பலரும் பாலித்தீன் தாளைச் செடியின் மேல் அப்படியே போர்த்தி, அடித்தண்டோடு சேர்த்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். தாள் தொடும் இலைகளே முதலில் உறைகின்றன. மண் பகலில் சேமித்த வெப்பமும் அந்தக் கட்டுக்குள் நுழைய வழியில்லாமல் வெளியே போய்விடுகிறது. செடியைச் சுற்றி நான்கு குச்சிகளை நட்டு, பழைய சாக்கையோ போர்வையையோ இலையில் படாதவாறு, நாற்புறமும் தரையைத் தொடும்படி விரித்து, ஓரங்களில் கல் வைத்தால் போதும். பொழுது சாயும் முன்பே மூடி, காலையில் பனி உருகியதும் எடுத்துவிட வேண்டும். அரசு தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளைக் கோத்தகிரி மிலார் என்னும் செடிகளைக் கொண்டு மூடுவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். காற்றும் ஓரளவு வெளிச்சமும் புகுந்து வர இடம் விட்டு, பனியைத் தன்மேல் தாங்கிக்கொள்ளும் அந்த எளிய ஏற்பாட்டுக்கு இணையாக எந்த பிளாஸ்டிக் விரிப்பையும் என்னால் சொல்ல முடியவில்லை.

குளிர்காலத்தில் தண்ணீரே விடக்கூடாது என்ற எண்ணமும் சரியன்று. ஈரமண் வறண்ட மண்ணைவிட அதிக வெப்பத்தைச் சேமிப்பதால், முற்பகலில் அளவாகத் தண்ணீர் விடுவது இரவில் உதவும். தொட்டிச் செடிகளைத் தாழ்வாரத்துக்கு மாற்றிவிடலாம். கருகிய கிளைகளை உடனே வெட்டினால் புதுத்தளிர் கிளம்பி அடுத்த பனியில் அதுவும் போகும். பார்வைக்கு எவ்வளவு அலங்கோலமாக இருந்தாலும், உறைபனிக் காலம் ஓயும் வரை அவற்றை விட்டுவைப்பதே நல்லது.

உறைந்த புல்வெளியின் படம் மறுநாள் வருவதற்குள் செடியின் கதை முடிந்துவிடுகிறது. எனவே டிசம்பர், ஜனவரி மாதங்களில் அன்றிரவு வானம் தெளிந்திருக்குமா, காற்று அடங்கியிருக்குமா என்ற முன்னறிவிப்பையும் நீலகிரிப் பதிப்பில் இரண்டு வரியாகச் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
உதகமண்டலம்.