ஐப்பசியில கமிஷனர அனுப்பாதீங்க ஐயா

சென்னை ஹைகோர்ட் ரூல் கமிட்டில இருக்கிற நீதியரசர்களுக்கும் வக்கீல்களுக்கும், கோத்தகிரி பக்கத்துல இருந்து ஒரு சின்ன தேயிலை விவசாயி எழுதுறது. வணக்கம்ங்க.

எங்க எல்லைத் தகராறு கேஸ் எங்கப்பா போட்டது, இப்ப வாய்தாவுக்கு நான் போறேன். நாலு சில்வர் ஓக் மரம், ரெண்டு வரிசை தேயிலைச் செடி, அவ்வளவுதான் விஷயம். முதல் பஸ் புடிச்சு போயி, டவாலி பேர் கூப்பிடுறவரைக்கும் வராந்தா குளிர்ல நின்னு, உள்ள போனா எதிர்தரப்பு வக்கீல் டைம் கேப்பாரு, சில நாள் எங்க வக்கீலே கேப்பாரு (அத மறைச்சா பாவம்), ஜட்ஜும் ஒரு தேதி குடுத்துட்டு அடுத்த கட்ட எடுத்துருவாரு. அன்னிக்கு இலை பறிச்ச மாதிரிதான்.

அதவிட கடுப்பு கமிஷனர் விஷயம். எல்லைய நேர்ல பாத்து அளந்து ரிப்போர்ட் குடுக்க கோர்ட்ல ஒரு வக்கீல கமிஷனரா போட்டாங்க, சர்வேயரோட வரணும், தேதி விழுந்தது ஐப்பசில. எங்க ஊர் ஐப்பசில மழையும் மஞ்சுமா பத்தடி தள்ளி நிக்கிற மரமே தெரியாது, இதுல புதருக்குள்ள சர்வே கல்ல எங்க தேடுறது, டேப்ப எங்க புடிக்கிறது? வந்தவங்க டீ குடிச்சுட்டு திரும்பிட்டாங்க. தை மாசம் வாங்கன்னு எங்க ஊர் பள்ளிக்கூடப் பையன் கூட சொல்லிருப்பான், ஆனா கோர்ட்ல ரெண்டு தரப்பையும் உக்கார வெச்சு யாரும் கேக்கல.

சட்டம் இல்லாமலா? ஒரு பார்ட்டிக்கு மூணு வாய்தாதான்னு சிபிசி (சிவில் கேஸ் நடத்துற முறைச் சட்டம்) ஆர்டர் 17ல 2002 ஜூலைல வந்த திருத்தத்துல இருந்தே கறாரா இருக்கு. அந்த திருத்தங்கள எதிர்த்து நம்ம சேலம் வக்கீல் சங்கம்தான் சுப்ரீம் கோர்ட் போச்சு, 2005ல திருத்தம் செல்லும்னு தீர்ப்பு, ஆனா கைமீறின காரணம்னா மூணுக்கு மேலயும் குடுக்கலாம்னு சொல்லிட்டாங்க. அந்தக் கேஸ்லதான் நீதிபதி ஜகந்நாத ராவ் கமிட்டி எழுதுன கேஸ் மேனேஜ்மென்ட் (ஜட்ஜே தேதி போட்டு கேஸ நடத்துறது) மாதிரி விதிகளையும் ஹைகோர்ட்டுங்க பாக்கணும்னாங்க. இங்கிலாந்துல 1999லயே லார்டு வுல்ஃப்ங்கிற ஜட்ஜோட ரிப்போர்ட்ட வெச்சு கேஸோட கடிவாளத்த வக்கீல் கையில இருந்து ஜட்ஜ் கைக்கு மாத்திட்டாங்க.

நம்ம நாட்லயும் வியாபார கேஸுக்கு இருக்கே! 2015 கமர்ஷியல் கோர்ட் சட்டத்துல ஆர்டர் 15ஏ, ஜட்ஜே இஷ்யூ (எதத் தீர்க்கணும்ங்கிற கேள்விகள்), சாட்சி, குறுக்கு விசாரணை தேதி எல்லாத்துக்கும் டைம்டேபிள் போடணும், முதல் மேனேஜ்மென்ட் ஹியரிங்ல இருந்து ஆறு மாசத்துக்குள்ள ஆர்க்யுமென்ட் முடியணும். மூணு லட்சம் ரூபா வியாபாரத் தகராறுக்கு இத்தன மரியாத, ரெண்டு தலைமுறையா ஓடுற எங்க எல்லைக்கு ஒண்ணுமில்ல.

செக்‌ஷன் 122ல (இதுவும் சிபிசிதான்) ரூல் போட உங்களுக்கு அதிகாரம் இருக்குங்க. அந்த டைம்டேபிள முன்சீப் கோர்ட் சிவில் கேஸுக்கும் கொண்டு வாங்க, ஜட்ஜ் டிரான்ஸ்பர் ஆனாலும் அது மாறக்கூடாது. ஜட்ஜுக்கு கட்டு ஜாஸ்தி, தெரியும், கூட ஒரு ஆள் போட்டுக் குடுங்க.

எங்களுக்கு மறுபடி கமிஷனர் விசிட் போட்டிருக்காங்க. கார்த்திகைல.