வினைமுற்று வந்தால் புள்ளி வை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். லீட்ஸில் குளிர் குறைந்ததா?

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய உன் இங்கிலீஷ் கட்டுரையின் இரண்டு பக்கத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தில் உங்கள் பேராசிரியர் ஏழு இடத்தில் 'கமா ஸ்ப்ளைஸ்' என்று எழுதியிருக்கிறார், அதாவது முழு வாக்கியங்களை வெறும் கமாவால் ஒட்டிய தப்பு. 'பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் யாருமே இதைத் தப்புன்னு சொல்லலையேப்பா' என்று கேட்டிருந்தாய். போனில் ஆரம்பித்தால் 'சரிப்பா, சரிப்பா' என்று வைத்துவிடுவாய். அதனால்தான் இந்தக் கடிதம். இங்கிலீஷ் வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே தட்டுகிறேன். இங்கிலீஷ் கீபோர்டுக்கு மாறினால் போனே பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று என்னைத் திருத்த வருகிறது. நாற்பது வருஷம் அச்சாபீஸில் இருந்தவனை!

உன்னுடைய முதல் தப்பையே எடுத்துக்கொள்வோம். 'தி கிளினிக் வாஸ் க்ளோஸ்ட், வீ வெயிட்டட் அவுட்சைட், தி டாக்டர் கேம் அட் டென்.' இதைத் தமிழில் சொல்லிப் பார். 'கிளினிக் மூடியிருந்தது, வெளியே காத்திருந்தோம், பத்து மணிக்கு டாக்டர் வந்தார்.' ஒரு குறையும் இல்லை. ஏனென்றால் மூடியிருந்தது, காத்திருந்தோம், வந்தார் என்று ஒவ்வொரு வினைமுற்றும் 'முடிந்தது' என்று அதுவே சொல்லிவிடுகிறது. அந்த இடத்தில் நீ கமா போட்டாலும் சரி, புள்ளி வைத்தாலும் சரி, ஒன்றுமே வைக்காவிட்டாலும் சரி, படிப்பவர் தடுமாற மாட்டார். ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குக்கூடப் புள்ளி வைக்காமல்தானே நம்மவர்கள் எழுதினார்கள்? கமாவும் மேற்கோள் குறியும் அச்சுக்கூடத்தோடு வந்தவை. நமக்கு அவை பெரும்பாலும் பூட்டிய கதவுக்கு வைக்கும் சீல் மாதிரி.

இங்கிலீஷில் வினைச்சொல் வாக்கியத்தின் நடுவில் நிற்கிறது. முடிந்தது என்று சொல்ல கடைசியில் ஆள் கிடையாது. அந்த வேலையைப் புள்ளிதான் செய்கிறது. நம்முடைய விகுதி செய்கிற வேலை அங்கே குறியிடம் இருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். அதனால் சந்தேகம் வந்தால் மனசுக்குள் தமிழில் சொல்லிப் பார். வினைமுற்று வந்தால் அங்கே புள்ளி வை. 'மூடியிருந்ததால்' என்று எச்சமாக வந்தால் கமா போதும்: 'பிகாஸ் தி கிளினிக் வாஸ் க்ளோஸ்ட், வீ வெயிட்டட் அவுட்சைட்.' நம் 'ஆல்' விகுதிதான் அங்கே 'பிகாஸ்' என்று முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு முழு வாக்கியத்தைச் சேர்க்கத்தான் வேண்டும் என்றால் கமாவோடு 'ஆண்ட்', 'பட்', 'ஸோ' என்று ஏதாவது ஒன்றைக் கூட வைக்க வேண்டும். கமா தனியாக அவ்வளவு பாரம் தாங்காது.

'ஹவெவர்' உன்னை மூன்று இடத்தில் ஏமாற்றியிருக்கிறது. பார்க்க 'பட்' மாதிரியே இருக்கும், ஆனால் வாக்கியங்களை ஒட்டாது. அதற்கு முன்னால் புள்ளி வை, அல்லது அரைப்புள்ளி (;) வை. பின்னால் ஒரு கமா. அந்த அரைப்புள்ளி எங்கள் தொழில்காரர்கள் கண்டுபிடித்தது, தெரியுமா? வெனிஸ் நகரத்தில் ஆல்டஸ் மனுடியஸ் என்பவரின் அச்சகம் 1490களில் முதன்முதலாக அச்சிட்டது. அந்த அச்சகத்துக்கு அச்செழுத்து வெட்டிக் கொடுத்தவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. நெருங்கிய உறவுள்ள இரண்டு முழு வாக்கியங்களுக்கு நடுவில் மட்டும் அதை வை. ஒரு பக்கத்துக்கு ஒன்று போதும். அதற்கு மேல் போனால் படித்தவன் என்று காட்டிக்கொள்கிற மாதிரி இருக்கும்.

அப்புறம், உனக்கு இதுவரை சொல்லாத ஒரு கதை. நான் கம்போசிங்கில், அதாவது ஈய எழுத்துக் கோக்கும் வேலையில், சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஒரு கல்லூரியின் ஆண்டறிக்கை வந்தது. அதில் ஒரு வரி: 'தி ஸ்டூடன்ட்ஸ் ஹூ ஹேவ் அரியர்ஸ் வில் அட்டெண்ட் ஸ்பெஷல் கிளாசஸ்.' ஸ்டிக்கில் (எழுத்துகளை வரியாக அடுக்கும் கைப்பிடித் தட்டு) கோத்துப் பார்த்தால் வரி அளவுக்குக் கொஞ்சம் குறைகிறது. சொற்களுக்கு நடுவில் ஸ்பேஸ் செருகி இறுக்கியிருக்க வேண்டும். எனக்குச் சோம்பல். 'ஸ்டூடன்ட்ஸ்' பக்கத்தில் ஒரு கமா, 'அரியர்ஸ்' பக்கத்தில் ஒரு கமா. வரி கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது, பார்க்கவும் அழகாக இருந்தது. புரூஃப் பார்த்தவர் கண்ணிலும் படவில்லை. முந்நூறு பிரதி ஓடி, பைண்டிங்கும் ஆகிப் போய்ச் சேர்ந்த பிறகு கல்லூரியிலிருந்து ஒருவர் கொதித்துக்கொண்டு வந்தார். 'எங்க காலேஜ்ல இருக்கிற அத்தனை பேரும் அரியர்னு ஊருக்கே அச்சடிச்சுக் கொடுத்திருக்கீங்களே!'

அவர் சொன்னது நியாயம். கமா இல்லாவிட்டால் 'அரியர் வைத்திருக்கும் மாணவர்கள் மட்டும்'. இரண்டு கமா போட்டால் 'மாணவர்கள் வருவார்கள், அவர்கள் எல்லோருமே அரியர் வைத்தவர்கள்தான்' என்று ஆகிவிடும். தமிழில் 'அரியர் வைத்த மாணவர்கள்' என்றால் இரண்டுக்கும் பொருந்தும், இடத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வோம். அதனால்தான் நம்மவர்களுக்கு இந்தக் கமா கண்ணிலேயே படுவதில்லை. முதலாளி அந்த வரி இருந்த ஒரு ஃபாரத்தை, அதாவது ஒன்றாகச் சேர்த்து அச்சிடும் பக்கங்களை, திரும்ப ஓட்டினார். பேப்பர் செலவை என் சம்பளத்தில் பிடித்தார். ஆனால் திட்டவில்லை. திட்டியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன்.

இதைவிடப் பெரிய கமாக்கதையும் உண்டு. அமெரிக்காவில் மெயின் மாநிலத்தில் ஓக்ஹர்ஸ்ட் டெய்ரி என்ற பால் நிறுவனத்தின் டிரைவர்கள் ஓவர்டைம் கேட்டு வழக்குப் போட்டார்கள். எந்தெந்த வேலைக்கு ஓவர்டைம் கிடையாது என்று சட்டத்தில் ஒரு பட்டியல். அதன் கடைசியில் 'பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிப்யூஷன்' என்று இருந்தது. 'ஆர்' என்பதற்கு முன்னால் கமா இல்லை. அனுப்புவதற்கோ வினியோகத்துக்கோ பேக் செய்வது என்ற ஒரே வேலையா, பேக் செய்வது, வினியோகிப்பது என்று இரண்டு வேலையா? டிரைவர்கள் பேக் செய்வதில்லை, வினியோகிக்கிறார்கள். ஒரே வேலை என்று படித்தால் அவர்கள் பட்டியலில் வரமாட்டார்கள், ஓவர்டைம் உண்டு. 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் டிரைவர்கள் பக்கம் நின்றது. அடுத்த வருஷம் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. பட்டியலின் கடைசிக் கமா போடுவதா வேண்டாமா என்பதில் பிரிட்டனிலேயே இரண்டு கட்சி உண்டு. உங்கள் துறையின் வழக்கத்தைக் கேட்டுக்கொள். எதைப் பிடித்தாலும் கட்டுரை முழுக்க அதையே பிடி.

பெரிய எழுத்து விஷயத்துக்கு வருகிறேன். ஈய எழுத்துக் காலத்தில் இங்கிலீஷுக்கு இரண்டு கேஸ், அதாவது எழுத்துகளைப் பிரித்து வைக்கும் பெட்டி. சின்ன எழுத்து கைக்குப் பக்கத்தில், கீழே. பெரிய எழுத்து மேலே. அப்பர் கேஸ், லோயர் கேஸ் என்ற பேரே அப்படி வந்ததுதான். பெரிய எழுத்து வேண்டுமென்றால் ஒவ்வொரு தடவையும் கையை எட்டி நீட்ட வேண்டும். அதனால் வேண்டாத இடத்தில் போடவே தோன்றாது. உன் கட்டுரையில் 'தி டாக்டர்', 'தி நர்ஸ்', 'தி ஹாஸ்பிட்டல்', எல்லாவற்றுக்கும் பெரிய எழுத்து! எனக்குச் சிரிப்பு வந்தது, காரணமும் புரிந்தது. டாக்டர் 'வந்தான்' என்று எழுத நமக்குக் கை வராது. 'வந்தார்' என்று சொல்ல அங்கே விகுதி இல்லை. மரியாதையைப் பெரிய எழுத்தில் காட்டுகிறோம். அங்கே அது மரியாதை இல்லை, பெயரா பொதுச்சொல்லா என்ற கணக்கு மட்டும்தான். குறிப்பிட்ட ஒருவரின் பெயரோடு சேர்ந்து வந்தால் டாக்டர் பெரிய எழுத்து. சும்மா ஒரு டாக்டர் என்றால் சின்ன எழுத்து. கிழமை, மாதம், மொழி, நாடு பெரிய எழுத்து. பருவகாலம் சின்ன எழுத்து. 'மை ஃபாதர்' என்று எழுதும்போது நான் சின்ன எழுத்துதான், வருத்தமில்லை. நேரே கூப்பிடுகிற மாதிரி 'ஃபாதர்' என்று எழுதினால் பெரிய எழுத்து.

மற்றவை சில்லறை. 'இட்ஸ்' என்பதை 'இட் இஸ்' அல்லது 'இட் ஹேஸ்' என்று பிரித்துப் படித்தால் பொருந்துகிறதா பார். பொருந்தினால் மட்டும் மேலே அந்தக் கொம்பு (அப்பாஸ்ட்ரஃபி). பன்மைக்குக் கொம்பு வேண்டாம். 'ஸெட் தட்' என்று எழுதிவிட்டு மேற்கோள் குறியும் போட்டிருக்கிறாய். நம் 'என்று' போல அந்த 'தட்' ஒன்றே போதும். ஆள் பேசிய சொல்லையே அப்படியே கொடுக்க வேண்டுமானால் 'தட்'டை எடுத்துவிட்டுக் குறி போடு. கமாவுக்கு முன்னால் இடம் விடாதே, பின்னால் விடு. இதை மட்டும் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கிறது.

ஒரு இடத்தில் மட்டும் என்னால் திருத்த முடியவில்லை. இரண்டாம் பக்கம், கீழிருந்து நாலாவது வரி: 'தி நர்ஸஸ், ஹூ வொர்க் அட் நைட், ஆர் நாட் பெய்ட் எக்ஸ்ட்ரா.' இரண்டு கமா போட்டிருக்கிறாய். அந்த கிளினிக்கில் எல்லா நர்சுமே இரவு வேலை பார்க்கிறார்களா, இல்லை இரவு பார்க்கிறவர்களுக்கு மட்டும்தான் காசு இல்லையா? போய்ப் பார்த்தவள் நீ. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது சொல்லு.

அப்பா