லெஸ் பிளாங்க் படங்களைத் தமிழ் சப்டைட்டிலுடன் திரையிட நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

1980இல் பூண்டைப் பற்றியே ஒரு முழுப் படம் எடுத்தார் அமெரிக்க ஆவணப்பட இயக்குநர் லெஸ் பிளாங்க். அது ஓடும்போது அரங்கின் பின்பக்கம் சிறு அடுப்பில் பூண்டை வாட்ட வைப்பார். திரையில் பூண்டு வதங்க, அதன் வாசம் கடைசி வரிசையிலிருந்து முன்வரிசைக்கு வந்து சேரும்.

1935இல் ஃபுளோரிடாவில் பிறந்து 2013இல் மறைந்த அவருடைய மூன்று படங்களைத் தமிழ் சப்டைட்டிலுடன் திரையிட எங்கள் திரைப்படக் கழகம் முனைந்திருக்கிறது. அமேசான் காட்டில் ஜெர்மன் இயக்குநர் வெர்னர் ஹெர்சாக் தம் படத்துக்காகக் கப்பலை மலைமேல் இழுக்கப் பட்ட சிரமத்தைக் காட்டும் 'பர்டன் ஆஃப் டிரீம்ஸ்' படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். எங்களுக்கோ அவருடைய சிறிய படங்கள்மேல்தான் பிரியம் அதிகம். டெக்சாஸில் புளூஸ் என்னும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையைப் பாடிய லைட்னின் ஹாப்கின்ஸைப் படமெடுக்கப் போனார். சில பாட்டுகள் பாடியதும், போதும், கிளம்புங்கள் என்றார் பாடகர். பிளாங்க் அவரோடு சீட்டாட உட்கார்ந்தார், தோற்றுக்கொண்டே இருந்தார். படப்பிடிப்பு தொடர்ந்தது. அந்தப் பொறுமை படத்தின் ஒவ்வொரு காட்சியிலும் தெரிகிறது.

1976இல் வந்த 'சூலாஸ் ஃப்ரொன்டேராஸ்' டெக்சாஸ், மெக்சிகோ எல்லைப்புற மக்களின் இசையைப் பற்றியது. வயல்வேலைக்காக ஊர் ஊராகப் போகும் குடும்பங்களின் துயரம் அதன் ஸ்பானியப் பாட்டுகளில்தான் இருக்கிறது. பொருள் தெரியாமல் கேட்டால் அக்கார்டியன் இசை மட்டுமே காதில் நிற்கும். ஆகவே பாட்டுகளை வரிவரியாக, ஸ்பானியம் அறிந்தவரைக் கொண்டு, அவருக்கு உரிய ஊதியம் தந்து மொழிபெயர்க்க வேண்டும் என்று முடிவுசெய்தோம்.

இணையத்தில் கிடைக்கும் பிரதியைப் போடலாமே என்று சிலர் கேட்டார்கள். போட மாட்டோம். நிறுவனங்களுக்கு விளம்பரப் படங்கள் எடுத்துக் கொடுத்து, அந்த வருமானத்தில் தம் படங்களை எடுத்தவர் பிளாங்க். அவர் படங்களுக்குத் திரையிடல் கட்டணம் செலுத்தாமல் கூட்டம் கூட்ட எங்களுக்கு மனம் வரவில்லை.

கட்டணம், மொழிபெயர்ப்பு, அரங்க வாடகை, ஒலிக்கருவி எல்லாம் சேர்த்து 90,000 ரூபாய் தேவை. உறுப்பினர்கள் 34,000 ரூபாய் திரட்டிவிட்டோம். நூறு ரூபாய் கொடுத்தாலும் ரசீது தருவோம். திரையிடல் முடிந்ததும் வரவு செலவுக் கணக்கை அரங்க வாசலிலேயே ஒட்டிவைப்போம்.

பணம் தர இயலாதவர்கள் பூண்டு தரலாம். ஐந்து கிலோவாவது வேண்டும். திரையிடும் நாளன்று மாலை நான்கு மணிக்கு அரங்கின் பின்கட்டில் உட்கார்ந்து உரிக்கத் தொடங்குவோம். கைகொடுக்க வாருங்கள்.

இப்படிக்கு,
செயற்குழுவினர்