பிரெய்ல் புத்தகங்களுக்கு 'அரசு அஞ்சல் கட்டணம்' என்று 640 ரூபாய் வாங்கியது குறித்த புகார்

17-11-2025

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர்,
ஆண்டிபட்டி வட்டம், தேனி மாவட்டம்.
(பெயர், முகவரி, ஆர்டர் எண் ஆகியவை தனித்தாளில்)

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
இணையப் புத்தக விற்பனைப் பிரிவு,
சென்னை.

பொருள்: கூடுதலாக வாங்கிய கட்டணத்தைத் திருப்பித் தரவும், சேதமான பிரெய்ல் தொகுதியை மாற்றித் தரவும் கோருதல்.

ஐயா / அம்மா,

வணக்கம். 22-9-2025 அன்று உங்கள் தளத்தில் புத்தகங்கள் வாங்கினேன். என் மகனுக்கு அச்சுப் புத்தகங்கள், எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்குப் பிரெய்ல் புத்தகங்கள். அவளுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. புத்தக விலை போக, 'அரசு நிர்ணயித்த அஞ்சல் கட்டணம்' என்று பில்லில் ஒரு வரி இருந்தது. அதற்கு நேராக 640 ரூபாய். நான் அதைப் பார்க்காமல் கட்டவில்லை. பார்த்துவிட்டுத்தான் கட்டினேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்து "வாங்கிட்டியாம்மா, வாங்கிட்டியாம்மா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கணக்குக் கேட்க அது நேரமில்லை என்று விட்டுவிட்டேன். இப்போது கேட்கிறேன்.

முதலில் பிரெய்ல் கட்டுகள். எங்கள் நாட்டு அஞ்சல் துறையில் பார்வையற்றோருக்கான நூல்கள் தனி வகை. ஏழு கிலோ வரைக்கும் தரைவழி அஞ்சலில் அனுப்ப ஒரு பைசாகூடக் கட்ட வேண்டாம். பிரெய்ல் தெரிந்த வீடுகளில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். போன மாதம்கூட மகள் படித்து முடித்த நூலகப் புத்தகத்தை எங்கள் ஊர்க் கிளை அஞ்சலகத்தில் கொடுத்துத் திருப்பி அனுப்பினேன். போஸ்ட் மாஸ்டர் எடை போட்டார், முத்திரை குத்தினார், அவ்வளவுதான், பணம் எதுவும் கேட்கவில்லை. நீங்கள் அனுப்பிய இரண்டு கட்டுகளையும் வீட்டில் நிறுத்துப் பார்த்தேன். ஒன்று 4 கிலோ 200 கிராம், இன்னொன்று 3 கிலோ 900 கிராம். இரண்டுமே ஏழு கிலோவுக்குள். ஆக இந்த இரண்டுக்கும் அரசு நிர்ணயித்த அஞ்சல் கட்டணம் சுழியம்.

இந்தச் சலுகை ஏன் வந்தது என்பது பிரெய்ல் புத்தகத்தைக் கையில் தூக்கிப் பார்த்தவர்களுக்குப் புரியும். அச்சில் 180 பக்கத்தில் அடங்கும் இலக்கணப் புத்தகம் பிரெய்லில் நான்கு தொகுதி. தாள் அட்டை மாதிரி கனம், எழுத்து பெரிது, புள்ளி மேலே எழும்பி நிற்பதால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி அடங்காது. எடைக்குக் காசு கட்டு என்றால், பார்வையில்லாத பிள்ளை மற்ற பிள்ளைகளைவிடப் பல மடங்கு கொடுத்துத்தான் அதே புத்தகத்தைப் படிக்க முடியும். அப்படி ஆகிவிடக் கூடாது என்றுதான் நம் அரசும் உலக அஞ்சல் ஒன்றியமும் இதைக் கட்டணமில்லாத அஞ்சலாக வைத்திருக்கின்றன. நீங்கள் அந்தச் சுமையை எடுத்து மறுபடியும் என் மகள் தலையில் வைத்திருக்கிறீர்கள், அதுவும் அரசின் பெயரைச் சொல்லி.

10-10-2025 அன்று உங்கள் வாடிக்கையாளர் சேவை எண்ணில் பேசினேன். பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார், அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்த பதில் தவறு. "புது தபால் சட்டம் வந்துடுச்சு மேடம், பழைய சலுகை எல்லாம் எடுத்துட்டாங்க. புக் போஸ்ட்டே இப்ப கிடையாது" என்றார். புதுச் சட்டம் வந்தது உண்மை. 1898ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் அஞ்சல் அலுவலகச் சட்டம், 2023 வந்து, 2024 ஜூன் 18 முதல் நடைமுறையில் இருக்கிறது. புத்தகங்களைக் குறைந்த கட்டணத்தில் அனுப்ப இருந்த பதிவு புக் போஸ்ட்டை 2024 டிசம்பரில் திடீரென்று நிறுத்தியதும் உண்மை. சின்னப் பதிப்பகங்கள் அப்போது எவ்வளவு தவித்தன என்று உங்களுக்கே தெரியும், நீங்களும் அந்தத் தொழிலில்தான் இருக்கிறீர்கள். ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2025 மே 1 முதல், புத்தகங்களைக் குறைந்த கட்டணத்தில் அனுப்ப அஞ்சல் துறையின் 'ஞான் போஸ்ட்' வந்துவிட்டது. 300 கிராம் வரை 20 ரூபாய், ஐந்து கிலோ வரை போனாலும் அதிகபட்சம் 100 ரூபாய், வரி மட்டும் தனி.

இது உங்களுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. என் மகனின் அச்சுப் புத்தகக் கட்டு 3-10-2025 அன்று வந்ததே ஞான் போஸ்ட்டில்தான். எடை 2 கிலோ 700 கிராம். மேலே ஒட்டியிருந்த சீட்டில் நீங்கள் கட்டிய தொகை அச்சாகியிருக்கிறது, அது நூறு ரூபாயைத் தொடவில்லை. சீட்டின் படத்தை இணைத்திருக்கிறேன். அப்படியானால் மீதி ஐந்நூற்றுச் சொச்சம் எதற்கு?

கூரியருக்கு என்று சொல்வீர்கள். பிரெய்ல் கட்டுகளைத் தனியார் கூரியரில்தான் போட்டிருந்தீர்கள். அஞ்சலில் இலவசமாகப் போயிருக்க வேண்டியதை என்னிடம் கேட்காமல் கூரியரில் போட்டுவிட்டு, அதற்கு 'அரசு அஞ்சல் கட்டணம்' என்று பெயர் வைத்தது எந்தக் கணக்கில் வரும்? தரைவழி அஞ்சல் மெதுவாகப் போகும், பத்துப் பதினைந்து நாள் ஆனாலும் பரவாயில்லையா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், சரி என்றிருப்பேன். போஸ்ட்மேன் எங்கள் வீட்டு வாசலுக்கே வருவார். கூரியர்க்காரர்கள் ஊருக்குள் வருவதில்லை. 9-10-2025 அன்று வேலையை விட்டுவிட்டு பஸ் ஏறி ஆண்டிபட்டி போய், எட்டு கிலோவைச் சுமந்துகொண்டு வந்தேன்.

அலைச்சலைக்கூட மறந்துவிடுவேன், கட்டைப் பிரித்தபோது பார்த்ததைத்தான் மறக்க முடியவில்லை. தொகுதிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்து, நாலு பக்கமும் டேப் சுற்றி இறுக்கியிருந்தீர்கள். வழியில் அதன்மேல் என்னென்ன ஏற்றினார்களோ. இலக்கண நூலின் இரண்டாம் தொகுதியில் 47ஆம் பக்கத்திலிருந்து 60ஆம் பக்கம் வரை புள்ளிகள் அமுங்கிப் போயிருக்கின்றன. கண்ணால் பார்த்தால் வெள்ளைத் தாள், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மகள்தான் விரலை ஓட்டிக்கொண்டே வந்தவள் நின்றாள். "இங்க ஒண்ணுமே இல்லைம்மா" என்றாள். திரும்ப அதே வரியை மூன்று தடவை தடவினாள், தன் விரலில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டு.

பிரெய்லில் ஓர் எழுத்துக்கு இருப்பது 1 முதல் 6 வரை எண்ணிட்ட ஆறே புள்ளி இடங்கள்தான். ஒரு புள்ளி அமுங்கினால் எழுத்து மங்குவதில்லை, வேறு எழுத்தாகவே மாறிவிடும். 'ப' என்பதற்கு 1, 2, 3, 4 ஆகிய புள்ளிகள். இரண்டாவது புள்ளி அமுங்கிவிட்டால் அது 'ம'. 'பாடம்' என்று அடித்திருப்பது என் மகளின் விரலுக்கு 'மாடம்' என்று வரும். இலக்கணம் படிக்கிற பிள்ளைக்கு இது எத்தனை பெரிய தொல்லை என்று யோசித்துப் பாருங்கள். பிரெய்ல் புத்தகத்தை நிற்கவைத்துத்தான் அடுக்க வேண்டும், எடையின் கீழ் படுக்கவைக்கக் கூடாது. விற்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிரெய்ல் கட்டுக்குள் உங்கள் தள்ளுபடி விளம்பரத் தாள்கள் நான்கு இருந்தன. அச்சடித்த தாள்கள், பார்வையில்லாத பிள்ளைக்கு. இலவச அஞ்சலுக்கு விதிகள் உண்டு. உள்ளே சாதாரண எழுத்தில் கடிதமோ செய்தியோ இருக்கக் கூடாது. புத்தகப் பெயர், விலை, அச்சகத்தார் பெயர், திருப்பி அனுப்பும் சீட்டு மாதிரியானவை இருக்கலாம். அஞ்சலகத்தில் எளிதாகத் திறந்து பார்க்கிற மாதிரி கட்ட வேண்டும். 'பார்வையற்றோருக்கான நூல்கள்' என்று வெளியே எழுத வேண்டும். நீங்கள் கட்டியிருந்த விதத்தில் அஞ்சலகத்துக்கே கொண்டுபோயிருந்தாலும் அவர்கள் அதை இலவச வகையில் எடுத்திருக்க மாட்டார்கள். மகனின் ஞான் போஸ்ட் கட்டிலும் அதே விளம்பரத் தாள்கள் இருந்தன. ஞான் போஸ்ட்டில் வணிக விளம்பரம் வைக்கக் கூடாது, புத்தகப் பட்டியல் அளவுக்குத்தான் இடம். புக் போஸ்ட் நின்றபோது எத்தனை பேர் பாடுபட்டு இந்தக் குறைந்த கட்டணம் திரும்பக் கிடைத்திருக்கிறது. நாலு விளம்பரத் தாளுக்காக அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். நாளை தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லி இதையும் நிறுத்தினால், அடிபடப் போவது என்னைப் போல ஊர்ப்புறத்தில் இருந்து புத்தகம் வரவழைப்பவர்கள்தான்.

கட்டுவதற்கும் ஆள் கூலிக்கும் உங்களுக்குச் செலவு இருக்கிறது, அது எனக்குத் தெரியும். அதை வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் 'பேக்கிங் செலவு' என்று எழுதி வாங்குங்கள். நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள், 2020 கேட்பதும் அதைத்தான்: டெலிவரி, அஞ்சல், கையாளும் செலவு, வரி எல்லாவற்றையும் பிரித்துக் காட்ட வேண்டும். அதே விதிகளின்படி, புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் அதைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் வேண்டும். நான் 13-10-2025 அன்று மின்னஞ்சல் அனுப்பினேன். ஒரு மாதம் தாண்டிவிட்டது, பதில் இல்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். 640 ரூபாயில் ஞான் போஸ்ட்டுக்கு நீங்கள் உண்மையில் கட்டிய தொகையைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுங்கள். தளத்தில் பிரெய்ல் புத்தகங்களுக்கு எதிரே அஞ்சல் கட்டணம் இல்லை என்று எழுதுங்கள், என்னைப் போல இன்னும் எத்தனை பெற்றோர் கட்டினார்களோ, அவர்களுக்கும் கொடுத்துவிடுங்கள். சேவை எண்ணில் பேசுகிறவர்களுக்குச் சரியான விதியைச் சொல்லிக் கொடுங்கள். இந்தக் கடிதம் கிடைத்து 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்திலும், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் கொடுப்பேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது என்பதையும் விசாரித்துவிட்டேன்.

பணம் வர நாளானால்கூடப் பொறுத்துக்கொள்வேன். இரண்டாம் தொகுதியை மட்டும் முதலில் அனுப்பிவிடுங்கள். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. அமுங்கிப்போன அந்தப் பதினான்கு பக்கங்களை இப்போது நான் அவள் வகுப்புத் தோழியின் அச்சுப் புத்தகத்தில் இருந்து சத்தமாகப் படிக்கிறேன், அவள் கேட்டுக் கேட்டு எழுதிக்கொள்கிறாள். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் எனக்கு நேரம் கிடைக்கிறது. புதுத் தொகுதியை நிற்கவைத்துக் கட்டி, விளம்பரத் தாள் எதுவும் வைக்காமல், வெளியே 'பார்வையற்றோருக்கான நூல்கள்' என்று எழுதி அஞ்சலகத்தில் கொடுங்கள். எங்கள் போஸ்ட்மேன் கொண்டுவந்து சேர்த்துவிடுவார்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், ஞான் போஸ்ட் சீட்டின் படம், கூரியர் ரசீது, 13-10-2025 மின்னஞ்சல் நகல், இரண்டாம் தொகுதி 47 முதல் 60 வரையிலான பக்கங்களின் படங்கள்.