டர்ஹம் என்றால் பிஷப்புகள் மட்டும்தானா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் இங்கிலாந்தின் டர்ஹம் பேராலயம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. எழுதியவர் அங்கே போய் நின்று ரசித்துத்தான் எழுதியிருக்கிறார், அதில் சந்தேகமில்லை. என் குறை வேறு. கட்டியவர் பிஷப், ஆண்டவர் பிஷப், சண்டை போட்டவர் பிஷப் என்று நான்கு பக்கமும் பிஷப்புகள் பெயராகவே வருகிறது. 1083 முதல் 1539 வரை அந்தக் கட்டடத்தில் குடியிருந்து, விளக்கேற்றி, கணக்கெழுதி, கூரை ஒழுகினால் ஆள் வைத்துச் சரிசெய்த துறவிகளின் தலைவர்கள் ஒருவர் பெயர்கூட இல்லை. அவர்களுக்குப் பிரையர் என்று பெயர்.

பேராலயமே மடமாகவும் இருந்தது இங்கிலாந்துக்கே உரிய விசித்திரம் என்று சொல்லலாம், ஐரோப்பாவில் மற்ற இடங்களில் இது அபூர்வம். கேன்டர்பரி, வின்செஸ்டர், நாரிச், ஈலி, வூஸ்டர் எல்லாம் இந்த வகைதான். ஏட்டில் பிஷப்தான் மடாதிபதி, ஆனால் அவர் பாதி நாள் லண்டனில் அரசர் அவையில் இருப்பார், மீதி நாள் தன் கோட்டைகளில் இருப்பார். கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா பெயர் மேலே இருக்கும், மண்டபத்தில் ஓடியாடுவது தாய்மாமன் என்பது போலத்தான். நிலம்கூட பிஷப்புக்குத் தனி, மடத்துக்குத் தனி என்று பிரிந்துவிட்டது. பிரையரைத் துறவிகளே தேர்ந்தெடுப்பார்கள், பிஷப் ஒப்புதல் தர வேண்டும். வம்பெல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

முதல் பிரையர் ஆல்ட்வின். தெற்கே வின்ச்கோம் மடத்தில் நல்ல பதவியில் இருந்தவர், வடக்கே பாழடைந்து கிடந்த பழைய மடங்களுக்கு உயிர் கொடுக்க வேண்டும் என்று 1070களில் இரண்டு துணைவர்களோடு கால்நடையாகக் கிளம்பினார், புத்தகங்களையும் பூசை உடைகளையும் சுமக்க ஒரு சின்னக் கழுதை, அவ்வளவுதான் சொத்து. 1083ல் பிஷப் வில்லியம் டர்ஹமில் வட இங்கிலாந்தின் பெரிய புனிதரான கத்பர்ட்டின் உடலைக் காத்துவந்த பழைய குருமார்களிடம், துறவியாகுங்கள் இல்லையென்றால் வெளியேறுங்கள் என்றார். அவர்களில் பலர் குடும்பஸ்தர்கள். ஒரே ஒருவர்தான் தங்கினார், அதுவும் ஏற்கெனவே துறவியாகியிருந்த மகன் கெஞ்சியதால். அந்த இடத்துக்குத்தான் ஆல்ட்வினின் ஆட்கள் வந்தார்கள். புனிதமான தொடக்கம் என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார், வெளியேறிய குடும்பங்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லியிருப்பார்கள்.

அடுத்தவர் டர்காட், 1087 முதல் 1109 வரை. இளம் வயதில், இங்கிலாந்தைக் கைப்பற்றிய நார்மன்கள் இவரை லிங்கன் கோட்டையில் பிணையாக அடைத்து வைத்தார்கள். காவலர்களுக்குப் பணம் கொடுத்துத் தப்பி, நார்வே போகும் கப்பலில் ஒளிந்துகொண்டார். அதே கப்பலில் நார்மன் அரசர் வில்லியமின் தூதர்களும் இருந்தார்கள்! நடுக்கடலில் இவர் வெளியே வர, தூதர்கள் கப்பலைத் திருப்பச் சொல்லிக் கத்தியும் மாலுமிகள் கேட்கவில்லை. நார்வே அரசருக்கு பைபிளின் சங்கீதப் பாடல்களைச் சொல்லிக் கொடுத்துச் சம்பாதித்ததையெல்லாம் திரும்பி வரும்போது கப்பல் உடைந்து கடலில் விட்டார், அப்புறம்தான் ஆல்ட்வினிடம் சீடராகச் சேர்ந்தார். 1093 ஆகஸ்டில் இன்றைய பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிஷப்புக்குப் பக்கத்தில் நின்றவர் இவர். கட்டியது பிஷப் என்ற உங்கள் கட்டுரை வரிக்கு வருகிறேன். பேராலயத்தை பிஷப் கட்டுவது, தங்கள் குடியிருப்பைத் துறவிகள் கட்டிக்கொள்வது என்றுதான் ஒப்பந்தம். 1096ல் பிஷப் வில்லியம் இறந்துபோனார். துறவிகள் தங்கள் வீட்டு வேலையை நிறுத்திவிட்டு அந்தக் காசில் பேராலய வேலையைத் தொடர்ந்தார்கள். இதை விட்டுவிட்டு அந்தக் கட்டடத்தின் கதையை எப்படிச் சொல்வது?

சண்டைக் கதைதான் வேண்டுமென்றால் பிரையர் ரிச்சர்ட் ஹோட்டன் இருக்கிறார். 1300ல் பிஷப் ஆன்டனி பெக், மடத்தைச் சோதனையிட வருகிறேன் என்றார். பெக் சாதாரண ஆள் இல்லை, சொந்தப் படையோடு போருக்குப் போனவர். ஹோட்டன், தாராளமாக வாருங்கள், கூட்டம் சேர்த்துக்கொண்டு வராதீர்கள் என்றார். பெக் அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கி, பதவியைப் பறித்து, லிண்டிஸ்ஃபார்ன் தீவு மடத்தின் தலைவராக இருந்த ஹென்ரி லூஸ்பியைப் பிரையராக்கினார். ஹோட்டன் நகரவில்லை. பெக்கின் ஆட்கள் மடத்தைச் சுற்றி வளைத்துத் தண்ணீர்க் குழாயை உடைத்தார்கள், உள்ளே சாப்பாடும் போக விடவில்லை. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், ஏட்டின்படி அந்த மடத்துக்கு மடாதிபதியே பெக்தான்! ஹோட்டனைப் பிடித்து அடைத்தார்கள், அவர் தப்பித்து முதலில் அரசர் முதலாம் எட்வர்டிடம், பிறகு ரோமுக்கு. போப் எட்டாம் போனிஃபேஸ் பதவியைத் திருப்பிக் கொடுத்தார். டர்ஹம் பகுதியை அரசர் போலவே ஆண்டுவந்த பெக்கின் ஆட்சி உரிமைகளையே 1302ல் அரசர் பறித்து வைத்தார். அதோடு முடிந்ததா? வழக்கு மறுபடி கிளம்பியது. 1308ல், போப்பின் அவை தங்கியிருந்த பிரான்ஸின் புவாட்டியே நகரில், தீர்வுக்காக அலைந்துகொண்டிருந்தபோதே ஹோட்டன் இறந்தார். பெக்கைப் பற்றி இரண்டு பத்தி எழுதியவருக்கு இது கண்ணில் படவில்லையா?

இன்னொன்று படக்குறிப்பு. 'பிஷப்பின் சமையலறை' என்று போட்டிருக்கிறீர்களே, அந்த எண்கோண மண்டபம் பிரையர் ஜான் ஃபோஸர் காலத்தில் துறவிகளுக்காகக் கட்டியது, 1366ல் ஆரம்பித்தது, கொத்தனார் ஜான் லூயின். வளைவுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு நட்சத்திரம் போல மேலே போகும், நடுவில் புகை வெளியேற வழி. 20ஆம் நூற்றாண்டு வரை அதில் உலை கொதித்தது. இந்த ஃபோஸர்தான் 1346ல் டர்ஹமுக்குப் பக்கத்தில் ஸ்காட்லாந்துப் படையோடு நெவில்ஸ் கிராஸ் போர் நடந்தபோது, கனவில் வந்த கட்டளைப்படி கத்பர்ட்டின் புனிதத் துணியை ஈட்டி முனையில் கட்டி, போர்க்களத்துப் பக்கத்து மேட்டில் துறவிகளோடு மண்டியிட்டுப் பிரார்த்தித்தார் என்பார்கள். கனவை நம்புவதும் நம்பாததும் அவரவர் இஷ்டம். போரில் ஸ்காட்லாந்து அரசர் இரண்டாம் டேவிட் பிடிபட்டது உண்மை.

எனக்குப் பிடித்தவர் இவர்கள் யாருமில்லை, ஜான் வெசிங்டன், 1416 முதல் 1446 வரை. வீர தீரம் ஒன்றும் கிடையாது. பழைய ஆவணங்களைத் தூசி தட்டித் தேடி, மடத்துக்கு என்னென்ன உரிமை எந்தச் சாசனத்தில் இருக்கிறது என்று எழுதி எழுதி அடுக்கினார். வங்கித் தணிக்கைப் பிரிவில் காலம் தள்ளியவன் நான், இந்த மாதிரி ஆட்களின் அருமை எனக்குத் தெரியும். 1438ல் பொருளாளராக இருந்த துறவி பெருங்கடனை மறைத்து வைத்திருந்தது வெளியே வந்தது. வெசிங்டன் அந்தப் பதவியையே மூன்றாகப் பிரித்து மூன்று பேரிடம் கொடுத்தார். ஒரே கையில் சாவியும் கணக்கும் இருக்கக் கூடாது என்று இன்று பயிற்சி வகுப்பு வைத்துச் சொல்கிறோம். சில வருடத்திலேயே பழைய ஏற்பாடு திரும்பிவிட்டது என்பது வேறு விஷயம். அந்தப் பொருளாளர்களின் கணக்குச் சுருள்கள் 1278 முதல் இன்றும் டர்ஹமில் இருக்கின்றன, மீன், மது, மிளகு, குங்குமப்பூ வாங்கிய செலவு உட்பட.

இன்னொரு திருத்தம். 1539ல் அரசர் எட்டாம் ஹென்ரி மடத்தைக் கலைத்தபோது துறவிகள் எல்லாரும் விரட்டப்பட்டார்கள் என்று கட்டுரை முடிகிறது. பலர் ஓய்வூதியத்தோடு போனார்கள், சரி. கடைசிப் பிரையர் ஹ்யூ ஒயிட்ஹெட் மட்டும் எங்கும் போகவில்லை. டிசம்பர் 31 அன்று எட்டாம் ஹென்ரியின் ஆட்களிடம் சாவியை ஒப்படைத்தவர், 1541ல் புதிய அமைப்பு வந்தபோது அதன் முதல் டீன், அதாவது பேராலயக் குருமார்களின் தலைவர், ஆனார், அதே வீட்டில்தான் இருந்தார். அவருக்குக் கீழே நியமித்த 12 குருமார்களும் பழைய டர்ஹம் துறவிகளே. ஹென்ரியை எதிர்த்து உயிர்விட்ட மடத் தலைவர்கள் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒயிட்ஹெட் கோழை என்று சிலர் சொல்வார்கள், நான் அப்படிச் சொல்ல மாட்டேன், பேராலயமும் நூலகத்தின் பெரும்பகுதியும் சிதறாமல் பிழைத்ததில் அவருக்கும் பங்குண்டு. கடைசியில் அவரையும் விடவில்லை. ராஜத்துரோக விசாரணை என்று லண்டனுக்கு இழுத்தார்கள், 1551ல் அங்கேயே இறந்தார்.

கடிதம் நீண்டுவிட்டது. இடமில்லையென்றால் வெட்டிக்கொள்ளுங்கள், ஹோட்டன் பத்தியில் மட்டும் கை வைக்காதீர்கள், படக்குறிப்பையும் அடுத்த இதழிலேயே திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்